பட்டறைப் பதில்கள்: ஹேண்டில்பார் ஏறினால் கேபிளும் ஏறணும்

சென்ற மாதம் இந்தப் பகுதியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன்: "ஹேண்டில்பார் மாற்ற அரை மணி நேரம், அப்புறம் கேபிளோடு மல்லுக்கட்ட அரை நாள்." அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் என் பட்டறை மேசையில் பிளக் டப்பாவுக்கு அடியில் கட்டாகக் கிடக்கின்றன. ஆகவே இந்த மாதம் கார்புரேட்டருக்கும் பேட்டரிக்கும் லீவு. பேட்டரி பற்றி எழுதிய புதுக்கோட்டைக்காரர் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்கள் முறை அடுத்த மாதம்.

தேவகோட்டையிலிருந்து, வங்கியில் ஓய்வு பெற்ற வாசகர்:
*என்னிடம் 1986 மாடல் புல்லட் 350 இருக்கிறது. எங்கள் அப்பச்சி வாங்கியது. எனக்கு இப்போது 66 வயது. குனிந்து ஓட்டினால் கழுத்து பிடித்துக்கொள்கிறது என்று உயரமான ஹேண்டில்பார் ஒன்று போட்டேன். அதிலிருந்து இடது பக்கம் முழுக்க ஒடித்தால் எஞ்சின் தானாக ரேஸ் ஆகிறது. வலது பக்கம் ஒடித்தால் கிளட்ச் லீவர் கல்லாக இறுகுகிறது. மெக்கானிக் அட்ஜஸ்டரைத் திருகித் திருகிப் பார்த்துவிட்டு "பழகிடும் ஐயா" என்கிறார். பழகுமா?*

பழகாது ஐயா. பழகிக்கொள்ளவும் கூடாது. உடனே வண்டியை ஓட்டுவதை நிறுத்துங்கள்.

உங்கள் கடிதத்திலேயே நோயும் இருக்கிறது, காரணமும் இருக்கிறது. ஹேண்டில்பாரை இடது பக்கம் ஒடித்தால் வலது கைப்பிடி முன்னால் போகிறது. ஆக்ஸிலேட்டர் அந்தப் பிடியில்தான் இருக்கிறது. கார்புரேட்டரோ பின்னால் தன் இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் தூரம் கூடுகிறது. வலது பக்கம் ஒடித்தால் அதே கதை கிளட்சுக்கு. பழைய ஹேண்டில்பாரில் இந்தத் தூரத்துக்கு வேண்டிய நீளம் கேபிளில் இருந்தது. புதியது மேலே ஏறியதும் அந்த நீளத்தை அதுவே சாப்பிட்டுவிட்டது.

அட்ஜஸ்டர் விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பட்டறைகளில் பாதிப் பேர் தடுக்கி விழுகிற இடம் இதுதான். கேபிள் என்று நாம் ஒரே பெயரில் சொன்னாலும் அதற்குள் இரண்டு பொருள் இருக்கிறது. உள்ளே ஓடுகிற கம்பி இன்னர். வெளியே இருக்கிற குழல் அவுட்டர். லீவரைப் பிடித்தால் இன்னர் இழுபடுகிறது. அவுட்டர் இரண்டு முனையிலும் முட்டுக்கொடுத்து நிற்கிறது. அந்த முட்டு இருப்பதால்தான் இழுப்பு கியர்பாக்ஸ் வரை போய்ச் சேருகிறது. அட்ஜஸ்டரைத் திருகினால் மாறுவது இன்னரின் தொய்வு மட்டும். அவுட்டர் ஒரு நூல்கூட நீளாது. உங்களுக்குக் குறைவது அவுட்டரின் நீளம். ஒடிக்கும்போது அது எட்டாமல் தன் குழியிலிருந்து பிதுங்கி மேலே வருகிறது. அவுட்டர் நகர்ந்தால் இன்னரைக் கையால் பிடித்து இழுத்ததற்குச் சமம். கார்புரேட்டரில் காற்று வழியைத் திறந்து மூடுகிற ஸ்லைடு தூக்கிக்கொள்கிறது, வண்டி ரேஸ் ஆகிறது.

உங்கள் மெக்கானிக் அட்ஜஸ்டரை உள்ளே திருகித் தொய்வு கொடுத்துப் பார்த்திருப்பார். ரேஸ் ஆவது சற்றுக் குறைந்த மாதிரி இருக்கும். ஆனால் கிளட்சில் அதே வேலையைச் செய்தால் நேராகப் போகும்போது லீவர் முழுக்கப் பிடித்தும் கிளட்ச் முழுசாகப் பிரியாது. கியர் 'கறக்' என்று விழும், சிக்னலில் நியூட்ரல் கிடைக்காது. ஒரு பக்கம் மூடினால் மறுபக்கம் திறக்கிற போர்வை மாதிரி.

இதை நான் ஏட்டில் படிக்கவில்லை. 1993-இல், காரைக்குடியில் ஒரு பட்டறையில் கை உதவியாக இருந்தபோது, ஒரு புல்லட்டுக்கு நானே உயரமான ஹேண்டில்பார் போட்டேன். அட்ஜஸ்டரைத் திருகி "எல்லாம் சரி" என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு டெஸ்ட் பார்க்க எடுத்தேன். ஊருணிக் கரையில் திரும்பி வரலாம் என்று மெதுவாகத்தான் இடது பக்கம் ஒடித்தேன். வண்டி என்னைக் கேட்காமலே புறப்பட்டது. நான் ஆக்ஸிலேட்டரை மூட மூட அது திறந்துகொண்டே போனது. நல்ல வேளையாகக் கோடைகாலம், ஊருணியில் தண்ணீர் கீழ்ப்படியில்தான் கிடந்தது. மூன்று படி வரைக்கும் நானும் புல்லட்டும் சேர்ந்தே இறங்கினோம். வலது முழங்காலுக்குக் கீழே தழும்பு இன்னும் இருக்கிறது. மேஸ்திரி வந்து பார்த்தவர் என்னைத் தூக்குவதற்கு முன் ஹேண்டில்பாரைப் பிடித்து இடது பக்கம் ஒரு தரம், வலது பக்கம் ஒரு தரம் ஒடித்துப் பார்த்தார். "இதைக் கிளம்புறதுக்கு முன்னாடி பண்ணியிருக்கணும்லடா" என்றார். அவ்வளவுதான் திட்டு.

சரி, உங்கள் வண்டிக்கு வருவோம். உங்கள் மாடலில் ஹேண்டில்பாருக்கு வருகிற கேபிள் நான்கு: கிளட்ச், ஆக்ஸிலேட்டர், முன் டிரம் பிரேக், உதைக்கும்போது கம்ப்ரஷனைத் தளர்த்துகிற டீகம்ப்ரஷன் லீவர். கடைசியை எல்லோரும் மறப்பார்கள். அது இறுகி நின்றால் வால்வு லேசாகத் திறந்தே இருந்து, உதைத்தாலும் கம்ப்ரஷன் இல்லாமல் வண்டி ஸ்டார்ட் ஆகாது. அப்புறம் பிளக்கைக் குறை சொல்லிக்கொண்டு கிடப்போம்.

புது கேபிளுக்கு அளவு எடுப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஆரம்ப காலத்தில் நான் பந்தல் கட்டுகிற சணலை வைத்து அளந்தேன். நான்கு முறை அளந்து நான்கு முறையும் கேபிள் குட்டையாகவே வந்தது. சணல் எந்த மூலையிலும் மடங்கிக் குறுக்கு வழியில் போகும். அவுட்டர் அப்படி மடங்காது, அதற்கு அகலமான வளைவு வேண்டும். இப்போது ஒரு பழைய ஸ்பீடோமீட்டர் கேபிளின் வெறும் அவுட்டரை ஆணியில் தொங்கவிட்டிருக்கிறேன். அதைப் பழைய கேபிள் போன வழியிலேயே விட்டு, ஹேண்டில்பாரை எந்தப் பக்கம் ஒடித்தால் தூரம் அதிகமோ அந்தப் பக்கம் முழுக்க ஒடித்து வைத்து அடையாளம் போடுவேன். அந்த நீளம்தான் உங்கள் அவுட்டர். இன்னரையும் அதே அளவு கூட்டிக்கொள்ள வேண்டும். பழைய கேபிளில் அவுட்டருக்கு வெளியே இன்னர் எவ்வளவு நீண்டிருந்ததோ, புதியதிலும் மில்லிமீட்டர் மாறாமல் அவ்வளவே நீண்டிருக்க வேண்டும். கேபிள் செய்து தருகிற கடையில் பழைய கேபிளையும் கொடுத்து, "இரண்டும் இவ்வளவு கூட" என்று சொல்லுங்கள்.

கம்பி முனையில் இருக்கிற உலோகக் குமிழான நிப்பிளை நானே ஈயம் வைத்து ஒட்டிக்கொள்வேன் என்று கிளம்புகிறவர்கள் உண்டு. ஆக்ஸிலேட்டருக்கும் டீகம்ப்ரஷனுக்கும் ஒட்டலாம். கம்பி முனையை நிப்பிளுக்குள் பூவாக விரித்துவிட்டு ஒட்டினால் நிற்கும், விரிக்காமல் ஒட்டினால் பிடுங்கிக்கொள்ளும். முன் பிரேக் கேபிளுக்கு மட்டும் அந்த விளையாட்டு வேண்டாம். கடையில் அழுத்திச் செய்ததையே போடுங்கள்.

மாட்டும்போது பழைய வழியிலேயே கொண்டுபோங்கள். ஸ்டீரிங் தலைப் பக்கம் கேபிளை சட்டத்தோடு சேர்த்து இறுகக் கட்டிவிடாதீர்கள், அங்கேதான் அது ஆட வேண்டும். எஞ்சின் பட்டையிலும் சைலன்சரிலும் உரசக் கூடாது. ஹெட்லைட் கூண்டுக்குள் போகிற ஒயர்களையும் ஒருமுறை பாருங்கள். கேபிளுக்கு நீளம் போதாத இடத்தில் ஒயருக்கும் போதாது. அது இழுபட்டு இன்சுலேஷன் உரிந்தால் ஒருநாள் ராத்திரி திருமயம் தாண்டியதும் லைட் போகும்.

பிறகுதான் அட்ஜஸ்டருக்கு வேலை. கிளட்சில் லீவர் பக்கத்து அட்ஜஸ்டரை முழுக்க உள்ளே திருகிவிடுங்கள். பெரிய தொய்வை கியர்பாக்ஸ் பக்கம் எடுத்து லாக் நட்டை இறுக்குங்கள். கடைசிச் சின்னத் திருத்தத்தை மட்டும் லீவரில் செய்யுங்கள். லீவருக்கும் அதன் தாங்கிக்கும் நடுவில் 2-லிருந்து 3 மில்லிமீட்டர் இடைவெளி ஆட வேண்டும். ஆக்ஸிலேட்டர் பிடியிலும் எஞ்சின் கேட்பதற்கு முன் அதே அளவு சும்மா திரும்ப வேண்டும். முன் பிரேக்கில், லீவரை விட்டால் சக்கரம் உரசாமல் சுற்ற வேண்டும். பிடித்தால் லீவர் கைப்பிடியைத் தொடுவதற்கு வெகு முன்பே நிற்க வேண்டும்.

கடைசியில் என் மேஸ்திரியின் டெஸ்ட். சென்டர் ஸ்டாண்டு போட்டு, நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டு, இந்த எல்லையிலிருந்து அந்த எல்லை வரை மெதுவாக ஒடியுங்கள். சத்தம் ஒரு துளிகூட மாறக் கூடாது. கிளட்ச் இடைவெளியை இடது, நடு, வலது என்று மூன்று இடத்திலும் விரலால் ஆட்டிப் பாருங்கள். மூன்றிலும் ஒன்றாக இருந்தால் கிளம்பலாம்.

டெஸ்ட் ஓட்ட இளவட்டப் பையன் யாரிடமாவது கொடுத்தால் ஒன்றைச் சொல்லிக் கொடுங்கள்: உங்கள் வண்டியில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். என் பட்டறைப் பையன் ஒருவன் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்து, டீக்கடை பெஞ்சு வரை போய்த்தான் நின்றான்.

கோட்டையூர் வாசகர்:
*கேபிளுக்கு நல்லெண்ணெய் விடலாமா? எங்கள் வீட்டில் செக்கு எண்ணெய் எப்போதும் இருக்கும்.*

பணியாரத்துக்கு விடுங்கள். சமையல் எண்ணெய் காற்றுப்பட்டால் நாளாவட்டத்தில் பிசினாக இறுகும். நம்ம ஊர்ச் செம்மண் புழுதியும் சேர்ந்தால் கேபிளுக்குள் சாந்து பூசின மாதிரி ஆகிவிடும். தையல் மெஷினுக்கு விடுகிற மாதிரி நீர்த்த எண்ணெய் போதும். மேல் முனையைக் கழற்றி, காகிதத்தில் சின்னக் கூம்பு செய்து கட்டி, அதில் எண்ணெய் ஊற்றி ராத்திரி முழுக்கத் தொங்கவிடுங்கள். காலையில் கீழ் முனையில் சொட்டினால் சரி. உள்ளே பிளாஸ்டிக் உறை வைத்து வருகிற புது கேபிள் என்றால் எதுவும் விட வேண்டாம்.

பள்ளத்தூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்:
*அண்ணே, என்னோடது 2021 மாடல் 150 சிசி வண்டி, முன்னாடி டிஸ்க், ஏபிஎஸ் இருக்கு. அகலமான, உயரமான ஹேண்டில்பார் வாங்கிட்டேன். பிரேக் ஹோஸ் எட்டலை. நடுவுல பித்தளை ஜாயிண்ட் போட்டு நீட்டித் தர்றதா கடையில சொல்றாங்க. 200 ரூபாய்தான் கேட்கிறாங்க. போடலாமாண்ணே?*

வேண்டாம் தம்பி. அந்த 200 ரூபாய்க்கு நண்பர்களோடு பரோட்டா சாப்பிடு.

ஹோஸ் என்பது பிரேக் எண்ணெய் போகிற குழாய். நீ லீவரை அழுத்துகிற பலம் முழுதும் எண்ணெய் வழியாகப் பெருகித்தான் டிஸ்கைக் கவ்வுகிற காலிப்பருக்குப் போகிறது. நடுவில் ஒரு ஜாயிண்ட் போட்டால் கசிவதற்கு இரண்டு வாய் கூடுதலாக வைக்கிறாய். அதுவும் ஒவ்வொரு முறை ஒடிக்கும்போதும் வளைகிற இடத்தில். அது கசிய ஆரம்பிப்பது நீ சாதாரணமாக ஓட்டும்போது தெரியாது. பஸ் குறுக்கே வந்து முழு பலத்தோடு அழுத்துகிற அன்றைக்குத்தான் தெரியும். முழு நீளத்தில் ஒரே ஹோஸ் வாங்கு. ரப்பரோ, மேலே ஸ்டீல் பின்னல் போட்டதோ, உன் வண்டிக்கு முனைக் கோணம் பொருந்துவதாக இருந்தால் போதும்.

அதற்கு முன் ஒன்று பார். 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு ஏபிஎஸ் (பிரேக் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற அமைப்பு) கட்டாயம் ஆனதல்லவா, அந்த வண்டிகளில் ஹோஸ் நேராகக் காலிப்பருக்குப் போகாது. லீவர் பக்கத்தில் எண்ணெய் டப்பாவோடு இருக்கிற மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ஒன்று ஏபிஎஸ் பெட்டிக்குப் போகும், பெட்டியிலிருந்து இன்னொன்று காலிப்பருக்கு வரும். ஹேண்டில்பார் உயர்ந்தால் உனக்கு மாற்ற வேண்டியது முதல் ஹோஸ் மட்டும்தான். இரண்டையும் மாற்றச் சொல்லி யாராவது பில் போட்டால் ஏன் என்று கேள்.

அளவு எடுப்பது தேவகோட்டை ஐயாவுக்குச் சொன்ன மாதிரிதான், ஒடித்து வைத்து அள. முழு அளவுக்கு மேலே ஒரு விரல் நீளம் தாராளமாக விடு. ரொம்பவும் விட்டுவிடாதே. மாஸ்டர் சிலிண்டரை விட உயரமாக ஹோஸ் வில்லாக எழும்பி நின்றால் அந்த வில்லின் உச்சியில் காற்று போய் உட்கார்ந்துகொள்ளும், என்ன பம்ப் அடித்தாலும் இறங்காது. மாட்டின பிறகு சென்டர் ஸ்டாண்டில் போட்டு, பின்னால் ஒருவரை உட்காரவைத்து முன் சக்கரத்தைத் தூக்கவிட்டுப் பார். முன் சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க் முழுக்க நீளும். அந்த நிலையில் இரண்டு பக்கமும் ஒடித்து, எந்த ஹோஸும் விறைக்கவில்லை, டயரில் உரசவில்லை என்று உறுதி செய்துகொள். சென்டர் ஸ்டாண்டு இல்லாத வண்டி என்றால் ஸ்டாண்டு உள்ள பட்டறைக்குக் கொண்டு போ.

ஹோஸை மாட்டுகிற போல்ட்டுக்கு பேன்ஜோ போல்ட் என்று பெயர். உள்ளே ஓட்டை உள்ள போல்ட், எண்ணெய் அதன் வழியாகத்தான் போகும். ஓட்டை உள்ளதால் பலம் குறைவு. சக்கர நட்டை இறுக்குகிற மாதிரி இறுக்கினால் தலை முறிந்து கையோடு வரும். பல வண்டிகளின் கையேட்டில் 25-லிருந்து 35 நியூட்டன் மீட்டர் வரைக்கும்தான் போட்டிருப்பார்கள். உன் வண்டியின் கையேட்டைப் பார்த்து, அளவு காட்டுகிற ஸ்பேனரால் இறுக்கச் சொல். ஹோஸ் கண்ணுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, இரண்டு காப்பர் வாஷர். கழற்றிய ஒவ்வொரு தடவையும் புதுசு. பழைய வாஷர் ஒரு தடவை நசுங்கியாச்சு, மறுபடி நசுங்காது. இரண்டு வாஷர் என்ன விலை இருக்கும்? அதில் மிச்சம் பிடிக்கிற பட்டறையை நம்பாதே.

ஏபிஎஸ் பெட்டிக்குள் காற்று போய்விட்டால் சாதாரணமாக ஏர் எடுப்பதில் சில வண்டிகளில் வராது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் கருவியை மாட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். அதனால் ஹோஸைக் கழற்றினதும் வாயை அடைத்து வை, எண்ணெய் முழுக்க வடிய விடாதே.

இன்னொன்று, இது பிரேக்கைப் பற்றியது இல்லை. அகலமான ஹேண்டில்பார் என்றாயே, உங்கள் வீட்டுப் பக்கவாசல் சந்தை அளந்து பார்த்தாயா? போன வருஷம் ஒருவர் ஆசையாகப் போட்டுக்கொண்டு போய், ராத்திரி வண்டி சந்துக்குள் நுழையாமல், மறுநாள் காலை பழைய ஹேண்டில்பாரைத் தேடி என்னிடம் வந்தார். அதற்குள் நான் அதைப் பழைய இரும்புக்குப் போட்டிருந்தேன்.

கானாடுகாத்தானிலிருந்து ஓர் ஆச்சி:
*பேராண்டி லீவுக்கு வந்தவன் முகப்பில் வண்டியை நிறுத்திப் பிரித்துப் போட்டான். ஏதோ பிரேக் எண்ணெயாம், கொட்டிவிட்டான். வண்டி டேங்கில் பெயிண்ட் வெந்த மாதிரி கொப்புளிச்சுப் போச்சு. அது போகட்டும். ஆத்தங்குடிக் கல்லிலும் கொட்டிக் கிடக்கு. எங்க ஐயா காலத்துக் கல் தம்பி. மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கச் சொல்றான் பேராண்டி. என்ன பண்ண?*

ஆச்சி, மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். பிரேக் ஆயில் என்று பெயர்தானே தவிர அது எஞ்சின் ஆயில் மாதிரி இல்லை. நம்ம வண்டிகளில் ஊற்றுகிற டாட் 3, டாட் 4 இரண்டும் தண்ணீரில் கரைகிற திரவம். உங்களுக்கு வேண்டியது வெறும் தண்ணீர். ஆத்தங்குடிக் கல் சிமெண்டில் வார்த்தது, உறிஞ்சும். ஆகவே ஊறவிடாமல், முதலில் பழைய துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவித் துடைக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று தடவை. அமிலம் கலந்த தரை கழுவுகிற மருந்து பக்கத்திலேயே வரக் கூடாது, அது சிமெண்டைத் தின்றுவிடும். அப்புறம் நீங்கள் வழக்கமாகக் கல்லுக்குப் போடுகிற எண்ணெயை லேசாகப் போட்டுத் தேய்த்தால் பளபளப்பு திரும்பும்.

டேங்க் போனது போனதுதான், பெயிண்ட் அடிக்க வேண்டும். கொட்டின அந்த நிமிஷமே ஒரு வாளித் தண்ணீரை ஊற்றியிருந்தால் தப்பியிருக்கும். நான் ஹேண்டில்பார் வேலை என்றால் முதலில் டேங்கின் மேல் ஈரத் துணியைப் போர்த்திவிட்டுத்தான் ஸ்பேனரை எடுப்பேன். பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர். பேராண்டியிடம் இதைச் சொல்லுங்கள். கூடவே வேலையை முகப்பில் வைத்துக்கொள்ளாமல் வெளியே வேப்பமரத்தடியில் வைத்துக்கொள்ளவும் சொல்லுங்கள்.

திருப்பத்தூர் வாசகர்:
*ஹேண்டில்பார் மட்டும்தான் மாற்றினேன். ஹோஸைக் கழற்றவே இல்லை. இருந்தும் முன் பிரேக் லீவர் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது. நாலு தடவை அடித்தால் பிடிக்கிறது. ஏன்?*

மாற்றுகிறபோது மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றி அது பாட்டுக்குத் தொங்கவிட்டிருப்பீர்கள். அது தலைகீழாகச் சாய்ந்ததும் டப்பாவுக்குள் இருந்த காற்று துளை வழியாக உள்ளே இறங்கிவிட்டது. எண்ணெய் அமுங்காது, காற்று அமுங்கும். அதனால்தான் பஞ்சு. நாலு தடவை அடித்தால் பிடிக்கிறதே என்று ஓட்டாதீர்கள். மாடு குறுக்கே வரும்போது நாலு தடவை அடிக்க நேரம் இருக்காது.

முதல் வைத்தியம் சுலபம். ஹேண்டில்பாரைத் திருப்பி, மாஸ்டர் சிலிண்டர்தான் எல்லாவற்றிலும் உயரமாக இருக்கும்படி வையுங்கள். லீவரை இழுத்துக் கைப்பிடியோடு சேர்த்து ரப்பர் கயிற்றால் கட்டி ராத்திரி முழுக்க விடுங்கள். சின்னச் சின்னக் குமிழிகள் மேலே ஏறிக்கொள்ளும், காலையில் கட்டை அவிழ்த்ததும் டப்பாவுக்குள் போய்விடும். பல வண்டிகள் இதிலேயே சரியாகிவிடும்.

ஆகவில்லை என்றால் ஏர் எடுக்க வேண்டும். காலிப்பரில் காற்றை வெளியே விடுவதற்கு உள்ள நிப்பிளில் கண்ணாடி மாதிரித் தெரிகிற டியூபை மாட்டி, மறு முனையைக் கொஞ்சம் பிரேக் ஆயில் உள்ள பாட்டிலில் முக்குங்கள். லீவரை இரண்டு மூன்று தடவை நிதானமாக அடித்து, பிடித்தபடியே வைத்து, நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்து மூடி, அதன் பிறகு லீவரை விடுங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. திறந்திருக்கும்போது லீவரை விட்டால் வெளியே போன காற்றே திரும்பி வரும். டப்பாவில் எண்ணெய் அடிக்கோட்டுக்குக் கீழே போகவே கூடாது. போனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை, டீ வந்தது என்று திரும்பினதில் பல தடவை எனக்கே ஆகியிருக்கிறது.

எண்ணெய் டாட் 3-ஆ டாட் 4-ஆ என்று மூடி மேலேயே எழுதியிருக்கும். சீல் உடைக்காத புது டப்பாவாக வாங்குங்கள். இது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 4 புதுசாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த அளவு 155-க்கு இறங்கிவிடும். கொதித்தால் ஆவி, ஆவி என்றால் மறுபடியும் பஞ்சு. போன தீபாவளிக்குத் திறந்த டப்பா அலமாரியில் இருக்கிறதே என்று அதை ஊற்ற வேண்டாம். டாட் 5 என்று ஒன்று உண்டு, அது சிலிக்கான் வகை. உங்கள் வண்டியில் கலக்கவே கூடாது.

எல்லாம் முடிந்து ஹேண்டில்பாரை நேராக வைத்தால் எண்ணெய் டப்பா ஏறக்குறைய மட்டமாக நிற்க வேண்டும். புது ஹேண்டில்பாரின் வளைவு வேறு என்பதால் இது பெரும்பாலும் சாய்ந்துதான் நிற்கும். கிளாம்பைத் தளர்த்தி மட்டம் பாருங்கள்.

கண்டனூர் வாசகர்:
*சுவிட்சுப் பெட்டிக்குள் ஒரு சின்ன முளை இருக்கிறது. புது ஹேண்டில்பாரில் அதற்கு ஓட்டை இல்லை. முளையை அரத்தால் தேய்த்துவிடலாமா?*

தேய்த்தால் ஒருநாள் ஆக்ஸிலேட்டரைத் திருகும்போது சுவிட்சுப் பெட்டியும் சேர்ந்து சுற்றும், கேபிளையும் இழுக்கும். முளை வேண்டும். லீவர், சுவிட்சு எல்லாவற்றையும் லேசாகப் பொருத்தி, உட்கார்ந்து பார்த்து, கைக்குச் சரியான கோணம் முடிவான பிறகு அடையாளம் போட்டு, முளை அளவுக்கு மட்டும் ஒரு சின்ன ஓட்டை போடுங்கள். அளக்காமல் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே இரண்டாவது ஓட்டை போட்டீர்கள் என்றால் ஹேண்டில்பாரைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

புதுவயல் வாசகர்:
*ஹேண்டில்பார் மாற்றினால் போலீஸ் பிடிக்குமா?*

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கம்பெனியே அந்த மாடலுக்கு விற்கிற ஹேண்டில்பாராகப் போட்டு, பில்லைப் பத்திரமாக வையுங்கள். தலைக்கு மேலே கை போகிற மாதிரிப் போட்டால் சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், என் பட்டறைக்கே கொண்டுவராதீர்கள்.

காரைக்குடியிலிருந்து ஒரு செவிலியர்:
*அப்பாவின் 100 சிசி பைக்கைத்தான் டியூட்டிக்கு ஓட்டிப் போகிறேன் அண்ணா. செக்காலைப் பக்கம் டிராஃபிக்கில் கிளட்ச் பிடித்துப் பிடித்து மணிக்கட்டு வலிக்கிறது. ஹேண்டில்பார் மாற்றினால் சரியாகும் என்று தோழி சொல்கிறாள். எவ்வளவு செலவாகும்?*

இப்போதைக்கு ஒன்றும் ஆகாதும்மா. வண்டியில் எப்போதும் உட்காருகிற மாதிரி உட்கார்ந்து, கையைப் பிடியில் வைத்து, விரலை லீவர் மேல் நீட்டிப் பாருங்கள். முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும் ஒரே கோடாக வர வேண்டும். மணிக்கட்டு மேல்பக்கமாக மடங்குகிறது என்றால் லீவர் ரொம்ப மேலே நிற்கிறது. அப்பா உயரமானவராக இருந்து அவர் கைக்கு வைத்ததாக இருக்கும். லீவர் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி லீவரைக் கொஞ்சம் கீழே இறக்கி, மறுபடி உட்கார்ந்து பார்த்து இறுக்குங்கள். வலது பக்கம் பிரேக் லீவரையும் அப்படியே. உங்கள் வண்டியில் முன்னாடி டிரம் பிரேக் என்றால் எண்ணெய் டப்பா தொல்லை கிடையாது, பத்து நிமிஷ வேலை.

அடுத்து கிளட்ச் கேபிளை எண்ணெய் விட்டுப் பாருங்கள், கோட்டையூர்க்காரருக்கு மேலே சொன்ன வழியில். பல வருஷமாக எண்ணெய் காணாத கேபிள் என்றால் லீவர் பாதிக் கனம் குறைந்த மாதிரி இருக்கும். அப்படியும் குறையாவிட்டால் முனையில் இழை பிய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஓர் இழை பிய்ந்திருந்தாலும் புது கேபிள் போட்டுவிடுங்கள். லீவரைத் திருப்பியதில் கேபிள் நிற்கிற கோணமும் சற்று மாறியிருக்கும். அதனால் லீவர் முனையில் ஆட்டத்தைப் பாருங்கள். உங்கள் மாதிரி வண்டிகளுக்குக் கையேடுகள் பொதுவாக முனையில் 10-லிருந்து 20 மில்லிமீட்டர் சொல்கின்றன, கட்டைவிரல் அகலத்தை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இடது, வலது என்று முழுக்க ஒடித்து, இரண்டு பக்கமும் அதே ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு டியூட்டிக்குக் கிளம்புங்கள்.